ரெண்டர் பாதியில் கம்பியூட்டர் பட்டென்று அணைகிறது. வெப்பமா, பவர் சப்ளையா, யூபிஎஸ்ஸா?

கடலோர எடிட்டர் எழுதியது:

வணக்கம். இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாலாம் மாடி. கல்யாணம், சாமத்தியவீடு, அறுபதாம் கல்யாணம் என்று வீடியோ எடிட் செய்வதுதான் பிழைப்பு. படம் எடுப்பது வேறு ஆக்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள், மிச்சம் என் தலையில்.

மூன்று கிழமையாக இந்தக் கம்பியூட்டர் என்னைப் படுத்தும் பாடு சொல்லி முடியாது. எடிட் செய்யும் மென்பொருளான டாவின்சி ரிசோல்வில் ரெண்டர் போட்டால், அதாவது முடித்த வேலையை ஒரே வீடியோவாக எடுக்கப் போட்டால், ஐந்தாவது நிமிடமோ ஐம்பதாவது நிமிடமோ, பட்டென்று அணைந்துவிடும். நீலத்திரை வருவதில்லை. பிளக்கைப் பிடுங்கினது மாதிரி இருக்கும். யூடியூப் பார்க்க, மெயில் போட, ஏன், நாள் முழுக்க எடிட் செய்யக்கூட நல்ல பிள்ளை. ரெண்டர் என்றால் மட்டும் இந்தக் கூத்து. மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த காட்சிகளுக்கு, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவதை நீக்கும் நொய்ஸ் ரிடக்‌ஷன் போட்டிருந்தால் சாவு நிச்சயம்.

உள்ளே இருப்பவை: ரைசன் 7 5800எக்ஸ் சிபியூ, ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் காட், 32 ஜிபி ரேம், 650 வோட் பவர் சப்ளை. எல்லாம் 2022 நடுப்பகுதியில் வாங்கியது. ரூபாய் விழுந்து விலையெல்லாம் ஏறிக்கிடந்த நேரம். கிராபிக்ஸ் காட்டுக்கே கைக்காசு முழுக்கப் போனதால் பவர் சப்ளையில் கொஞ்சம் கையைப் பிடித்தேன். வெளியே ஒரு 650 விஏ யூபிஎஸ். அறையில் ஏசி இல்லை, பின்னேரத்தில் 31, 32 டிகிரி.

நான் பார்த்தவை: சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சிபியூ 84 டிகிரி, காட் 74. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. விண்டோஸ் பதிவேட்டில் கேர்னல்-பவர் 41 என்று சிவப்பில் வரிசையாக நிற்கிறது. ஒரு கடைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். நாலு மாடி இறக்கி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு. "நங்கி, விண்டோஸ் பழுதாகிவிட்டது" என்று புதிதாகப் போட்டுத்தந்து காசும் வாங்கினார்கள். அன்றிரவே மறுபடியும் அணைந்தது. கடையின் பெயர் வேண்டாம், விடுங்கள்.

டொரொண்டோவில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு மூன்று மணிநேரச் சாமத்தியவீட்டு வீடியோ கொடுக்க வேண்டும். பிள்ளையின் அம்மா நாளுக்கு இரண்டு தரம் வாட்ஸ்அப்பில் "முடிஞ்சுதோ?" என்று கேட்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

தெஹிவளைப் பொடியன்:

அக்கா, இது கட்டாயம் சூடுதான். 5800எக்ஸ் பொல்லாத சூட்டுக்காரன். என் கேமிங் மெஷினும் போன வருசம் இப்படித்தான் செய்தது. கூலரைக் கழற்றிப் பார்த்தால், சிபியூவின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. புதுசாகப் பூசினதும் சரி. அப்புறம் கேஸின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு, மேசை ஃபேனை நேரே திருப்பி வைத்து ஒரு தரம் ரெண்டர் போட்டுப் பாருங்கள். செலவே இல்லை.

கடலோர எடிட்டர்:

நன்றி தம்பி. பேஸ்ட் போன மாதம்தான் மாற்றினேன். மேசை ஃபேனும் வைத்துப் பார்த்தாச்சு. சிபியூ 77க்கு இறங்கியது, ஆனாலும் இருபதாவது நிமிடம் போய்விட்டது.

கொட்டாஞ்சேனை மீட்டர்:

தங்கச்சி, நான் முப்பது வருசமாக ரிவி, ஆம்ப்ளிஃபையர், பவர் சப்ளை என்று ஈயப்புகை பிடித்தவன். சூடா இல்லையா என்று பிறகு பார்ப்போம். முதலில் அது எப்படிச் சாகிறது என்று சொல்லுங்கள்.

அணையும்போது மொனிட்டர் வெளிச்சமும் போகிறதா, அது மட்டும் நின்று "சிக்னல் இல்லை" என்று காட்டுகிறதா? அணைந்த பிறகு தானாக எழும்புகிறதா, இல்லை முன் பொத்தானை அமத்தினாலும் அசையாமல் கிடக்கிறதா? கூடுதலாக எத்தனை மணிக்கு நடக்கிறது? யூபிஎஸ் ஏதும் சத்தம் போடுகிறதா? இன்னொன்று, பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் +12வி என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது?

ஊகிக்காமல் இரண்டு நாள் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கடலோர எடிட்டர்:

அண்ணா, கொப்பி ஒன்றில் எழுதிவைத்தேன். இவ்வளவு நாளும் கோபத்தில் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது.

மொனிட்டரும் அதே யூபிஎஸ்ஸில்தான் இருக்கிறது, ஆனால் அது அணைவதில்லை. சாவு இரண்டு விதம். ஒன்றில் சத்தமே இல்லை. காற்றாடிகள் நிற்கும், மதர்போர்டில் ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் எரியும். முன் பொத்தானை எத்தனை தரம் அமத்தினாலும் அசையாது. பின்னால் பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டால்தான் எழும்பும். இது எந்த நேரத்திலும் வரும், விடியக்காலையிலும் ஒரு தரம் வந்தது. மற்றதில் யூபிஎஸ் "டக்" என்று ஒரு சத்தம் போடும், அடுத்த கணம் கம்பியூட்டர் போகும், ஐந்தாறு செக்கனில் தானாகவே திரும்ப எழும்பும். இது ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் மட்டும். யூபிஎஸ்ஸின் சின்னத் திரையில் உள்வரும் வோல்டேஜ் தெரியும். பகலில் 228, 230 நிற்கிறது. நேற்று இரவு எட்டு மணிக்கு 201.

ரெண்டர் ஓடும்போது யூபிஎஸ் இடைக்கிடை கீ கீ என்றும் கத்தும். பற்றரி பழசாகிவிட்டதென்று நினைத்துச் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன்.

ஸ்டிக்கரில் +12வி, 40ஏ. பின்னால் 115/230 என்று ஒரு சிவப்புத் தள்ளு சுவிட்சும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை மீட்டர்:

அந்தச் சிவப்புச் சுவிட்சைச் சொன்னீர்களே, பாதிக் கதை அதிலேயே முடிந்துவிட்டது. அதை மட்டும் தவறியும் தொடாதீர்கள். 115 பக்கம் தள்ளினால் வெடிக்கும்.

41ஐ வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது. விண்டோஸ் அடுத்த தரம் எழும்பும்போது "போன தரம் ஒழுங்காக அணைக்கவில்லை" என்று எழுதிவைக்கும் குறிப்பு அது, அவ்வளவுதான். அதைத் திறந்து பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். 0 என்றிருந்தால் பிழை எழுதக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மென்பொருள் பழுதென்றால் பெரும்பாலும் நீலத்திரை வந்து ஓர் இலக்கமாவது விட்டுப்போகும். சூடும் இப்படிக் கொல்லாது. 5800எக்ஸின் எல்லை 90 டிகிரி. அதைத் தொட்டால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ரெண்டர் நொண்டும். அதையும் மீறினால்தான் அணையும். உங்கள் சிபியூ 77லேயே போயிருக்கிறது.

இனி 650 வோட். என்விடியா 3070க்குச் சொல்வதும் 650 வோட் பவர் சப்ளைதான், அதனால் கணக்குச் சரி என்று நினைத்திருப்பீர்கள். சிபியூவும் கிராபிக்ஸ் காட்டும் தின்பது முழுக்க 12 வோல்ட் வழியால். 40 ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் 480. மிச்சம் 170 வோட்டை 3.3, 5 வோல்ட் வழிகளில் காட்டி 650 என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்த வழிகளில் இன்றைய கம்பியூட்டர் எடுப்பது சொற்பம். நல்ல பெட்டியென்றால் 650க்கு 12 வோல்ட் வழியிலேயே 54 ஆம்பியர் அளவில் இருக்கும்.

"480 போதாதா, காட் 220தானே" என்று கேட்பீர்கள். சராசரி 220. நொய்ஸ் ரிடக்‌ஷன் ஓடும்போது காட் ஒவ்வொரு பிரேமுக்கும் பாய்ந்து பாய்ந்து வேலை செய்யும். அந்தப் பாய்ச்சலில் ஒரு மில்லி செக்கனுக்கும் குறைந்த நேரத்துக்கு இழுவை சராசரியை விட்டு எங்கேயோ ஏறி இறங்கும். எச்டபிள்யூஇன்ஃபோ இரண்டு செக்கனுக்கு ஒரு தரம்தான் எட்டிப்பார்க்கிறது, அதன் கண்ணில் இது படாது. பவர் சப்ளைக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று என்ற காவல்காரனின் கண்ணில் படும். யாரோ ஷோர்ட் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவான். சாத்தினால் பின் சுவிட்சை அணைத்துப் போடும்வரை திறக்க மாட்டான். உங்கள் சத்தமில்லாத சாவு அதுதான். இந்தப் பாய்ச்சல் பெரிய தலையிடியாகிப் போனதால்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில், பவர் சப்ளை தன் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ செக்கன் தாங்கவேண்டும் என்று எழுதினார்கள்.

இனி "டக்" சாவு. இங்கேதான் சிவப்புச் சுவிட்ச் வருகிறது. அந்தச் சுவிட்ச் இருக்கிறதென்றால் உள்ளே ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, உள்வரும் மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று இல்லை. அது உள்ள பெட்டியில், வீட்டு வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் மின்சக்தியைத் தேக்கிவைக்கும் பெரிய கப்பாசிட்டரில் 380, 400 வோல்ட் அளவில் நிலையாக நிற்கும். இல்லாத பெட்டியில் சுவரில் வருவதுதான் உள்ளேயும். 230 வந்தால் கப்பாசிட்டர்களில் 325 வோல்ட். 200 வந்தால் 283. தேங்கும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும், ஆகவே இரவு எட்டு மணிக்கு உங்கள் தொட்டியில் கால்வாசித் தண்ணீர் குறைவு. அந்த நேரம் பார்த்து யூபிஎஸ் வோல்டேஜைத் தூக்க ரிலேயை மாற்றுகிறது, டக். அந்த மாற்றத்தில் சில மில்லி செக்கன் கரண்ட் இல்லை. மொனிட்டருக்கு அது தூசு. ரெண்டரில் முழு இழுவையில் இருக்கும் கம்பியூட்டருக்கு, மூன்று வருசம் கடற்காற்றும் புழுக்கமும் தின்ற கப்பாசிட்டரோடு, அந்த இடைவெளியைக் கடக்க மூச்சில்லை.

பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட் நிற்கும். எனக்கு இடது சுண்டுவிரல் நுனியில் இன்னும் உணர்ச்சி குறைவு, பட்டுப் படித்தவன் சொல்கிறேன்.

காசு செலவழிக்க முன் நிச்சயப்படுத்துங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் காட்டின் பவர் லிமிட்டை 70 வீதத்துக்கு இறக்கி, காலையில், வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது, வழக்கமாகச் சாகும் அதே துண்டை ரெண்டர் போடுங்கள். பிழைத்தால் லிமிட்டை 100க்கு ஏற்றி அதே துண்டை மறுபடியும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. காட்டை முழுப் பாரத்தில் வதைத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் போட்டு அடிக்க வேண்டாம், இந்தப் பெட்டிக்கு அது கொலை.

தெஹிவளைப் பொடியன்:

ஐயா, சூடு என்று அடித்துச் சொன்னேனே, வாபஸ். அக்கா, ஒன்று கேட்கிறேன். காட்டில் இரண்டு 8 பின் பொருத்து இருக்கிறதா? இரண்டுக்கும் தனித்தனி வயரா, ஒரே வயரின் நுனியில் கிளை பிரிந்து வருவதா?

கடலோர எடிட்டர்:

ஞாயிறு காலை முழுக்க இதுதான் வேலை. முதலில் தம்பிக்குப் பதில்: ஒரே வயர், கிளை பிரிந்தது. பெட்டியோடு வந்ததே அது ஒன்றுதான்.

காலை ஆறரைக்குத் தொடங்கினேன். யூபிஎஸ்ஸில் 231. ஆரத்தி எடுக்கும் கட்டத்தில் இருபது நிமிடத் துண்டு ஒன்று, அதைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. பவர் லிமிட் 70: முழுதாக முடிந்தது, 34 நிமிடம். லிமிட் 100: பதினொராவது நிமிடம் சத்தமில்லாமல் போனது, பின் சுவிட்ச் கேட்டது. திரும்ப 70: முடிந்தது. மூன்று வாரத்தில் முதல் தரமாக அது செத்ததைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

பிறகு பிளக்கையெல்லாம் கழற்றிவிட்டுக் காட்டின் வயரை இழுத்தேன். சும்மா வரவில்லை, ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால், மஞ்சள் வயர் போகும் மூன்று துளைகளில் ஓரத்துத் துளை மட்டும் தேநீர்க் கறை மாதிரி மண்ணிறமாக இருந்தது. நகத்தால் தட்டினால் மற்றத் துளைகளின் பிளாஸ்டிக்கைவிட அது மொறுமொறு என்றிருந்தது. கேஸின் பின் திருகுகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. யன்னலைத் திறந்தால் ரயிலும் கடலும் தெரிகிறதென்று சந்தோசப்பட்டு எடுத்த அறை இது. காற்றில் உப்பு வருமென்று யார் நினைத்தது?

அண்ணா, 70இல் வைத்தே சமாளிக்கலாமா? 34 நிமிடம் எனக்குப் பெரிய பிரச்சினையில்லை.

கொட்டாஞ்சேனை மீட்டர்:

துளை மண்ணிறமாகாமல் இருந்தால் "டொரொண்டோ வேலை முடியும்வரை 70இல் ஓட்டுங்கள்" என்றிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன். ஒரு 8 பின் பொருத்துக்கு விதிப்படி 150 வோட். கிளை வயரில் இரண்டு பொருத்தின் பாரமும் ஒரே வேரால் வருகிறது. அதோடு உப்பு பிடித்துத் தொடுகை தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். அது தானாக நிற்காது. இரவில் ரெண்டரைப் போட்டுவிட்டுப் படுக்கிற ஆள் நீங்கள்.

வாங்குவதென்றால் 750 வோட், ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1, ஆக்டிவ் பிஎஃப்சி, காட்டுக்கு இரண்டு தனி வயர். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் கிடைக்கும். பெட்டியைத் திறக்காமலே வெளி அட்டையில் 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள், 62 ஆம்பியர் அளவில் இருக்கவேண்டும். உள்வரும் வோல்டேஜ் 100-240 என்றிருந்தால் நல்லது. பழைய பெட்டியின் வயரைப் புதியதில் கொழுவ வேண்டாம். பொருந்தினாலும் உள்ளே பின் ஒழுங்கு வேறாக இருக்கும்.

யூபிஎஸ்ஸும் பிழைதான். 650 விஏ என்றால் வோட் கணக்கில் 360 அளவுதான் வரும், உடம்பில் எழுதியிருக்கும். ரெண்டரில் நீங்கள் சுவரிலிருந்து இழுப்பது 400ஐத் தாண்டும். அந்தக் கீ கீ பற்றரிச் சத்தமில்லை, "பாரம் கூட" என்று கத்தியிருக்கிறது பாவம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பூந்து நாடே இருண்டதே, அப்படி ஒரு நாள் ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தால் இந்த யூபிஎஸ் ஒரு செக்கனும் தாங்கியிருக்காது. இப்போதைக்கு அதை மொனிட்டருக்கும் ரவுட்டருக்கும் விடுங்கள், கம்பியூட்டரை நேரே சுவரில் கொழுவுங்கள். பிறகு காசு சேர்ந்தால் 1500 விஏ, சுத்த சைன் அலை தருவதாகப் பாருங்கள். சதுர அலை தரும் மலிவான யூபிஎஸ்ஸோடு சில ஆக்டிவ் பிஎஃப்சி பெட்டிகள் ஒத்துப்போகாது, பற்றரிக்கு மாறியதும் அணையும். திரும்ப இங்கே வந்து கேள்வி கேட்பீர்கள்.

கடலோர எடிட்டர்:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். புதியது வாங்கினேன், 38,000 ரூபாய். கடைக்காரப் பொடியன் "650 போதும் அக்கா" என்றான். அட்டையைத் திருப்பி 12 வோல்ட் வரிசையில் விரல் வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டு மேல் தட்டில் ஏறினான். வீட்டில் பழையதையும் புதியதையும் இரு கையிலும் தூக்கிப் பார்த்தேன். பழையது பிஸ்கட் டின் கனம்.

சுவரில் நேரே கொழுவி, பவர் லிமிட் 100, இரவு எட்டு மணி, யூபிஎஸ் திரையில் 199. மொனிட்டருக்காக அது டக், டக் என்று இரண்டு தரம் சொல்லியது. கம்பியூட்டர் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று மணிநேர வீடியோவும் ஒரே ஓட்டத்தில் முடிந்தது.

மச்சான் ஒருவன் பழைய பெட்டியைக் கேட்கிறான், அவனிடம் கிராபிக்ஸ் காட் இல்லாத மெஷின். கொடுக்கலாமா அண்ணா?

கொட்டாஞ்சேனை மீட்டர்:

இரவில் வோல்டேஜ் இறங்கும் வீடென்றால் வேண்டாம். இந்தப் பக்கம் வந்தால் என்னிடம் தாருங்கள், காற்றாடியும் பெட்டியும் உதவும்.

தெஹிவளைப் பொடியன்:

டொரொண்டோ அன்டி என்ன சொன்னார் அக்கா?

கடலோர எடிட்டர்:

"நல்லா இருக்கு பிள்ளை, 42ஆவது நிமிசம் பெரிய மாமா வாற இடத்திலை பாட்டை மட்டும் மாத்தி விடுங்கோ" என்று வொய்ஸ் மெசேஜ். இப்போது திரும்பவும் ரெண்டர் ஓடுகிறது. 58 வீதம்.